நியமசபை வழியாக அரசுத் துறையிடம் பதில் வாங்குவது எப்படி: பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழி உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு ஆசிரியர் இல்லாமல் இரண்டு கல்வியாண்டுகள் கழிந்தன. தினக்கூலி அடிப்படையில் வந்தவர்கள் சில மாதங்களில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் நான் மட்டும் பதினொரு மனுக்கள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் 'மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்ற ஒரே வரியே பதிலாக வந்தது. கடைசியில் வழியைத் திறந்தது நியமசபையில் (கேரளச் சட்டப்பேரவையில்) கேட்கப்பட்ட நான்கு வரிக் கேள்வி ஒன்றுதான். அந்த வழி தெரியாமல் நான் வீணாக்கிய ஒன்றரை ஆண்டு, வடகரப்பதியிலோ எருத்தேம்பதியிலோ மூணாறிலோ இருக்கும் இன்னொருவருக்கு வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அடிப்படை ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 164(2) பிரிவின்படி அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. நீங்கள் எழுதும் மனுவை ஓர் அலுவலகம் கோப்பில் வைத்து மறந்துவிடலாம். ஆனால் சபையில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விக்கு அமைச்சரின் பெயரில் விடை வந்தாக வேண்டும், அந்த விடை அச்சில் நிற்கும். நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன்ற பெரிய ஆயுதங்களெல்லாம் கட்சிகளின் காரியம். சாதாரணக் குடிமகனுக்குக் கைக்கு எட்டுபவை மூன்று: கேள்வி, வாக்குறுதிக் குழு, மனுக் குழு.

1. எந்த அரசு, எந்தச் சபை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இது எளிதாகத் தோன்றும். ஆனால் நம் பக்கத்தில் அதிகம் தவறுவது இங்கேதான். நாம் பார்ப்பது தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி, படிப்பது கோயம்புத்தூர்ப் பதிப்பு நாளிதழ். அதனால் சென்னைக்கு மனு அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேரளத்தில் பள்ளி, ரேஷன், கிராம அலுவலகம், மாநிலச் சாலை, குடிநீர், மின்சாரம் எல்லாம் திருவனந்தபுரத்தில் இருக்கும் 140 உறுப்பினர் கொண்ட நியமசபைக்குப் பதில் சொல்ல வேண்டியவை. ரயில், தபால், தேசிய நெடுஞ்சாலை ஆகியவற்றுக்கு நாடாளுமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர் இரு மாநில விவகாரம்தான். என்றாலும், 'சித்தூர்ப் புழைக்கு வர வேண்டிய நீரைப் பெறக் கேரள அரசு என்ன செய்தது' என்று நியமசபையில் தாராளமாகக் கேட்கலாம்.

2. துறையிடம் எழுதியதற்கான சான்றைக் கட்டாக வையுங்கள்

சபைக்குப் போகும் முன் துறையிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டும். 'எங்களிடம் யாரும் சொல்லவில்லை' என்ற பதிலுக்கு இடம் கொடுக்காதிருக்க அதுவே வழி. வைத்திருக்க வேண்டியவை இவை: ஒவ்வொரு மனுவின் நகல், அதன் மேல் அலுவலக முத்திரையும் இன்வேர்டு எண்ணும் (அலுவலகப் பதிவேட்டில் மனு ஏறிய எண்) தேதியும், தபாலில் அனுப்பியிருந்தால் ஸ்பீட் போஸ்ட் ரசீது, வந்த பதில்கள் அனைத்தும். என் முதல் நான்கு மனுக்களை நேரில் கொடுத்துவிட்டு எண் வாங்காமல் வந்துவிட்டேன். அந்த நான்கும் எழுதப்படாதவற்றுக்குச் சமம் ஆகிவிட்டன. கைப்பற்று ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மொழியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குறை தீர்க்கும் மனுவை மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தர அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். ஆகவே துறைக்குத் தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மட்டும் விதி வேறு. 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஆங்கிலம், இந்தி அல்லது அப்பகுதியின் ஆட்சிமொழி என்றே சொல்கிறது. ஆகவே அந்த விண்ணப்பத்தை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிவிடுவது பாதுகாப்பு. பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். சபைக் கேள்வியையும் இந்த விண்ணப்பத்தையும் ஒரே நேரத்தில் போடுங்கள். ஒன்றின் பதில் மற்றொன்றைச் சரிபார்க்க உதவும்.

3. வருத்தத்தைக் கேள்வியாக மாற்றுங்கள்

நான் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குக் கொண்டு போனது மூன்று பக்க மனு. அங்கே இருந்த உதவியாளர் ஒரு தமிழர். அவர் மனுவை முழுக்கப் படித்தார், சிவப்புப் பேனாவால் பத்தி பத்தியாக அடித்தார், பிறகு கேட்டார்: 'இதுல கேள்வி எங்கீங்கண்ணா இருக்கு? பூராவும் வருத்தமாவல்ல இருக்குது.' அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விளங்கியது, ஒன்றரை ஆண்டு எனக்கு யாரும் சொல்லாத விஷயம்.

சபைக் கேள்வியில் வாதம், ஊகம், பழிச்சொல், அமைச்சரின் கருத்தைக் கேட்பது ஆகியவை இருந்தால் அது அனுமதிக்கப்படாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயத்தையும் கேட்க முடியாது. 'தமிழ்க் குழந்தைகளைப் புறக்கணிப்பது அரசுக்குத் தெரியுமா' என்று எழுதினால் 'இல்லை' என்ற ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடும். எண்ணிக்கை, பள்ளிவாரிப் பட்டியல், தேதி, காரணம் என இந்த நான்கை மட்டும் கேளுங்கள். அவற்றிலும் தேதிதான் உயிர். எங்கள் கேள்வி கடைசியில் இப்படி அமைந்தது:

(அ) பாலக்காடு மாவட்டத்துத் தமிழ் வழி உயர்நிலைப் பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட கணக்கு ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை. பள்ளிவாரியாகத் தர முடியுமா?
(ஆ) அவற்றில் காலியாக உள்ளவை எவை. ஒவ்வொன்றும் எந்தத் தேதி முதல் காலியாக உள்ளது?
(இ) ஒவ்வொரு காலியிடமும் பி.எஸ்.சி.க்கு (அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு) எந்தத் தேதியில் அறிவிக்கப்பட்டது?
(ஈ) அறிவிக்கப்படாதவை இருப்பின் காரணம் என்ன?

மூன்றாவது பிரிவை எழுதியவர் அந்த உதவியாளர்தான். காலியிடத்தை நிரப்புவது பி.எஸ்.சி.யின் வேலை. ஆனால் துறை அதை முறையாக அறிவிக்காமல் பி.எஸ்.சி. எதுவும் செய்யாது. இரண்டு அலுவலகங்களுக்கு இடையே ஒரு காகிதம் நகர்ந்ததா என்பதை வெளியே இருப்பவர் அறியும் வழி தேதியைக் கேட்பது மட்டுமே. உங்கள் பிரச்சினை சாலையானால் நிர்வாக அனுமதித் தேதியையும் ஒப்பந்தம் கையெழுத்தான தேதியையும் கேளுங்கள். குடிநீர்த் திட்டமானால் மதிப்பீடு சமர்ப்பிக்கப்பட்ட தேதியைக் கேளுங்கள்.

4. சரியான உறுப்பினரைப் பிடியுங்கள்

அமைச்சர்கள் கேள்விக்கு விடை சொல்பவர்கள், கேட்பவர்கள் அல்லர். உங்கள் தொகுதி உறுப்பினர் அமைச்சராக இருந்தால் அவர் வழியாகக் கேள்வி போகாது. 2021 தேர்தலுக்குப் பின் சித்தூர் உறுப்பினர் மின்துறை அமைச்சரானார். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி மக்களுக்கு அப்போது வந்த நிலை இதுவே. இதற்காகச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. எந்த உறுப்பினரும் எந்த ஊரைப் பற்றியும் கேட்கலாம். பக்கத்துத் தொகுதியிலோ எதிர்க்கட்சியிலோ ஒருவரை அணுகுங்கள். தொகுதி உறுப்பினரிடம் ஒரு நகலைக் கொடுத்து, வேறொருவர் கேட்கப் போகிறார் என்று மரியாதையாகத் தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் செய்தால் மனவருத்தம் வரும், பின்னால் அவருடைய உதவியும் தேவைப்படும்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் சபையில் வாய்மொழியாக விடை சொல்வார், துணைக் கேள்விகளும் எழும். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். பட்டியலின் தொடக்கத்தில் உள்ள சில கேள்விகளோடு அது முடிந்துவிடும். நமக்கு வேண்டியது எண்ணும் தேதியும் அடங்கிய பட்டியல் என்பதால், குறியிடாத கேள்வியே, அதாவது எழுத்து விடையே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. அவசரமான விஷயமானால், சபை நடைமுறை விதிகளில் 304ஆம் விதியின் கீழ் 'சப்மிஷன்' (அவசர விஷயத்தைச் சபையில் எடுத்துச் சொல்வது) எழுப்பும்படி உறுப்பினரைக் கேட்கலாம். 62ஆம் விதியின் கீழான கவன ஈர்ப்பும் உண்டு. ஆசிரியர் காலியிடம் போன்றவற்றுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

காலம்: கேள்வி அறிவிப்பைக் கூட்டத்தொடருக்கு வெகு முன்பே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் விடை சொல்ல நாட்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் உங்கள் துறையின் நாள் கைநழுவியிருக்கும். ஆகவே கேள்வியை முன்கூட்டியே மலையாளத்தில் தட்டச்சு செய்து கொடுத்து வையுங்கள். செலவு: கட்டணம் எதுவுமில்லை. எனக்கு ஆனது மொழிபெயர்ப்புக்கும் தட்டச்சுக்கும் 200 ரூபாய், பேருந்துக் கட்டணம் தனி.

5. விடையை வரிக்கு வரி படியுங்கள்

விடைகள் நியமசபையின் இணையதளத்தில் கூட்டத்தொடர் எண், தேதி வாரியாகக் கிடைக்கும். அங்கே தேட முடியாதவர்கள் உறுப்பினரின் அலுவலகத்தில் அச்சுப்படி வாங்கலாம். விடை மலையாளத்தில் இருக்கும். பேச்சு மலையாளம் தெரிந்த நமக்கும் அலுவலக மலையாளம் தடுக்கும். 'தஸ்திக' என்றால் பணியிடம், 'ஒழிவு' என்றால் காலியிடம், 'நடபடி' என்றால் நடவடிக்கை என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

எங்களுக்கு வந்த விடையில் ஒரு பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. எங்கள் பள்ளியின் வரிசையில் விரலை வைத்துக் கட்டம் கட்டமாக நகர்த்தினேன். பணியிடம்: ஒன்று. காலியான தேதி இருந்தது, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஜூன் மாதம். அதற்கடுத்து, பி.எஸ்.சி.க்கு அறிவித்த தேதி என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போடப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகளாகப் 'பி.எஸ்.சி. ஆள் தரவில்லை' என்று எங்களிடம் சொல்லப்பட்டு வந்ததற்கு அந்தக் கோடுதான் உண்மையான விடை. பி.எஸ்.சி.யிடம் யாரும் கேட்கவே இல்லை. அந்தத் தாளை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த இரண்டு ஆண்டில் பத்தாம் வகுப்பு முடித்துப்போன பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

(ஈ) பிரிவுக்கு 'பரிசோதிச்சு வருன்னு' என்று விடை இருந்தது. ஆராய்ந்து வருகிறோம் என்று பொருள். இன்னொரு வழக்கமான விடை 'விவரம் சேகரிச்சு வருன்னு', அதாவது தகவல் திரட்டுகிறோம் என்பது. இவற்றைப் பார்த்து மனம் தளர வேண்டாம், இவை அடுத்த படிக்கான கைப்பிடி. அப்படிப்பட்ட விடையை முழு விடை என்று எண்ணி விட்டுவிடுவதுதான் பலரும் விழும் குழி.

6. வாக்குறுதிக் குழுவுக்குத் தெரிவியுங்கள்

'பரிசீலிக்கிறோம்', 'நடவடிக்கை எடுக்கப்படும்', 'தகவல் திரட்டுகிறோம்' என்று சபையில் அமைச்சர் சொன்னால் அது வாக்குறுதி. அது நிறைவேறியதா என்று பார்ப்பதற்கே சபையில் அரசு வாக்குறுதிகள் குழு இருக்கிறது. மலையாளத்தில் வாக்குறுதியை 'உறப்பு' என்பார்கள். மக்களவையில் இதற்கு மூன்று மாதக் கெடு உண்டு. நான் செய்தது இதுதான்: கேள்வி எண், விடை தந்த தேதி, அந்த ஒரு வாக்கியம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, கேள்வி கேட்ட உறுப்பினரின் வழியாகக் குழுவின் கவனத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள்.

7. மனுக் குழுவிடம் போங்கள்

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் பலன் தந்தது இதுதான். சபையின் மனுக் குழு குடிமக்களின் மனுவை நேராகப் பெறுகிறது, துறையிடம் அறிக்கை கேட்கிறது, தேவையானால் இரு தரப்பையும் வைத்துக்கொண்டு விசாரிக்கிறது. மாவட்டங்களுக்கு வந்தும் அமர்வு நடத்துகிறது. கேரளத்தில் துறைசார்ந்த பொருட்குழுக்கள் பதினான்கு உண்டு. ஆனால் அவற்றுக்கு அந்தந்த அமைச்சரே தலைவர். கேட்க வேண்டியவரும் பதில் சொல்ல வேண்டியவரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில் நம் போன்றோரின் குறை எவ்வளவு தூரம் எடுபடும் என்ற ஐயம் எனக்கு உண்டு. அதனால்தான் மனுக் குழுவைப் பரிந்துரைக்கிறேன்.

மனுவைச் சபைக்கு முகவரியிட்டு, சபைச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும்: நியமசபா காம்ப்ளெக்ஸ், விகாஸ் பவன் தபால் நிலையம், திருவனந்தபுரம் 695033. ஸ்பீட் போஸ்டுக்கு நூறு ரூபாயைத் தாண்டாது. முத்திரைத்தாளோ வழக்கறிஞரோ வேண்டாம். இடைத்தரகர் யாராவது 'நான் சபையில் கொடுத்துத் தருகிறேன்' என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மனு மூன்று பகுதிகளாக இருக்கட்டும்: நடந்தது என்ன, துறையிடம் எப்போது கேட்டீர்கள் (இன்வேர்டு எண்களோடு), உங்கள் வேண்டுகோள் என்ன. வேண்டுகோள் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். நான் முதலில் எழுதியதில் ஆசிரியர், கழிப்பறை, சுற்றுச்சுவர், தமிழ்ப் பாடப்புத்தகத் தாமதம் எல்லாம் இருந்தன. நல்ல வேளையாக அனுப்பும் முன் பிரித்துவிட்டேன். நான்கு குறைகளை ஒரே மனுவில் எழுதினால் எளிதான ஒன்றைச் சரிசெய்துவிட்டு 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று அறிக்கை வந்துவிடும். கையெழுத்திடும் ஒவ்வொருவரின் முழுப்பெயரும் முகவரியும் தேவை. எழுதத் தெரியாதவர்கள் கைரேகை வைக்கலாம். கடிதப் போக்குவரத்துக்கு ஒருவரை முதல் மனுதாரராகக் குறியுங்கள். வாசகம் பணிவாக இருக்கட்டும். சபைக்குப் போகும் மனுவில் கடுஞ்சொல் இருந்தால் அதைக் காரணம் காட்டியே ஒதுக்கிவிடலாம். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைப் பற்றியும் எழுதாதீர்கள்.

தமிழில் எழுதிய மூலத்தோடு மலையாள மொழிபெயர்ப்பையும் வைத்து இரண்டிலும் கையெழுத்திடுங்கள். மக்களவை விதியும் பிறமொழி மனுவுக்கு மொழிபெயர்ப்பைக் கேட்கிறது. அங்கே மனுவோடு வேறு ஆவணங்களை இணைக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. அதைப் பார்த்து நானும் சான்றுக் கட்டை மனுவோடு அனுப்பாமல் கையில் வைத்திருந்து, விசாரணையின்போது கேட்டதும் கொடுத்தேன்.

மனு அனுப்பி ஐந்து மாதம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. எங்கள் அதிர்ஷ்டம், அமர்வு பாலக்காட்டிலேயே நடந்தது. திருவனந்தபுரத்துக்கு அழைத்தால், பொள்ளாச்சி வழியாக வரும் அமிர்தா எக்ஸ்பிரஸில் பாலக்காட்டில் இரவு ஏறினால் காலையில் இறங்கிவிடலாம், தங்கும் செலவு மிச்சம். விசாரணை பத்து நிமிடம்கூட இல்லை. நான் தயாரித்துப் போயிருந்த பேச்சுக்கு நேரமே கிடைக்கவில்லை. சபையில் வந்த விடையின் பட்டியலை நீட்டி, கோடு போட்ட கட்டத்தைக் காட்டினேன். குழுவில் ஒருவர் அதிகாரியிடம் 'இது எப்போது அறிவிக்கப்படும்' என்று மட்டும் கேட்டார். அதிகாரி கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார், பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார், பிறகு 'இரண்டு வாரத்தில்' என்றார். அந்தச் சொல் குறிப்பேட்டில் ஏறியது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த நாற்காலிக்கு அவர் வந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆனால் பதினொரு மனுக்களால் பெற முடியாத தேதி அன்று கிடைத்தது.

8. பணம் சம்பந்தப்பட்ட புகாரானால்

கட்டாத கட்டிடத்துக்குக் கணக்கு எழுதியது போன்றவை தணிக்கைக்குரியவை. தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கைகள் அரசமைப்புச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி ஆளுநர் வழியாகச் சபையில் வைக்கப்படுகின்றன. அவற்றைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. இது பல ஆண்டுகள் எடுக்கும் பாதை. உடனடி நிவாரணம் வேண்டியவர்கள் இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

9. நாள்காட்டியோடு திட்டமிடுங்கள்

இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது என்பது 174ஆம் பிரிவு. ஆகவே ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாய்ப்புகள் உறுதி. ஆண்டின் தொடக்கத்தில் ஆளுநர் உரையும் நிதிநிலை அறிக்கையும் வரும். அந்தத் தொடர் நீளமானது, கேள்விக்கு ஏற்றது. தொடர் முடிந்துவிட்டால் எடுக்கப்படாத கேள்வியை அடுத்த தொடருக்கு மீண்டும் கொடுத்துவிடுங்கள், தானாக வரும் என்று இருக்காதீர்கள். சபையின் ஐந்தாண்டுக் காலம் முடியும் தறுவாயில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். புதிய சபை அமைந்து குழுக்கள் கூடச் சில மாதங்கள் பிடிக்கும்.

எங்கள் கணக்கு: கேள்வி கொடுத்ததிலிருந்து விடைக்கு இரண்டு மாதம், மனுவிலிருந்து விசாரணைக்கு ஐந்து மாதம், காலியிடம் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஆசிரியர் வந்து சேர ஏழு மாதம். மொத்தச் செலவு 1,500 ரூபாய்க்குள்.

ஆசிரியர் வந்த பிறகும் ஒரு வேலை மீதம் இருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் எடுக்கும் மாணவர் கணக்கை வைத்துத்தான் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. அன்று தமிழ் வழிப் பிள்ளைகள் குறைந்தால், போராடி நிரப்பிய பணியிடமே இல்லாமல் போகலாம். மே மாதத்திலேயே வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசுங்கள். அன்று பிள்ளைகள் ஒருவர் விடாமல் பள்ளியில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, கணக்கின் நகலைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி அதே கட்டில் சேர்த்து வையுங்கள்.